குச்சிக்கு வெட்டிய சேவல்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஆற்றோரம் இறங்கும் சரிவில் ஒரு நாள் திடீரென்று குச்சிகள் முளைத்திருந்தன. தலையில் வெள்ளைச் சுண்ணாம்பு தடவிய குச்சிகள். நாங்கள் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ வந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கூடையை இறக்கிவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

இலங்கை மலைநாட்டில் வட்டகொடைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் இருக்கிற தோட்டம் எங்களுடையது. ‘எங்களுடையது’ என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அதில் ஒரு சாண் மண்கூட எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சரிவில் இருந்தது வெள்ளைக்காரன் முதன்முதலில் நட்ட தேயிலை. கிழடு தட்டி, பாசி பிடித்து, அரைக்கூடை கொழுந்துக்குக்கூட வழியில்லாமல் கிடந்தது. அதன் அடிவாரத்தில் ஆற்றை ஒட்டி எங்கள் மரக்கறிப் பாத்திகளும் மாட்டுக் கொட்டில்களும் இருந்தன. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. மாமனார் காலத்தில் எந்தத் துரையோ ‘போட்டுக்கொள்’ என்று கையைக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான் பத்திரம்.

தோட்டத்துச் சனத்துக்குச் சரிவில் குச்சி நின்றால் ஒரே அர்த்தம்தான்: புதுக்காடு போடப்போகிறார்கள். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, குச்சிக்கு ஒரு குழி வெட்டி, குழிக்கு ஒரு கன்று நடுவார்கள். அதற்குக் குழி வெட்ட ஆள் வேண்டும், தண்ணீர் வடியக் கான் வெட்ட ஆள் வேண்டும், புல்லு வெட்ட ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் புதுப் பேர் பதிவார்கள். அந்த நினைப்பில்தான் லயமே வாசலில் நின்றது.

எனக்கு என் கொழுந்தன் ஞாபகம்தான் வந்தது. நான் கல்யாணமாகி லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தபோது அவன் என் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்த பொடியன். இப்போது மீசை வைத்த ஆண்பிள்ளை. ஆனால் தோட்டத்தில் புதுப் பேர் பதிவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, இந்தியக்காரர் என்று எங்களுக்குப் பிரஜாவுரிமை போனது, அதற்குப் பின்னால் துரைமாருக்கும் புது ஆள் எடுக்க மனமில்லாமல் போனது. பேர் இல்லாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, அந்தக் காம்பராவில் படுக்கக்கூட உரிமை இல்லை. அண்ணன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறோம் என்ற கூச்சம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. சோறு போடும்போது முதல் அகப்பையிலேயே “போதும் அண்ணி” என்று கையை மறிப்பான். மலை ஏறி இறங்குகிற வயசுப் பிள்ளைக்கு ஒரு அகப்பை எந்த மூலைக்குப் போதும்? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம், பாவம் சட்டிபானைதான் அடி வாங்கும்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் குச்சி அடிக்கிற வேலை தெரிந்தவர். அவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“தூரம் தூரமால்ல அடிச்சிருக்கான்” என்றார். “தேயிலைக்கு இவ்வளவு தூரம் வராதே.”

“அப்ப என்னாங்க அது?”

தாடையைச் சொறிந்தார். “இது எல்லைக் குச்சியா இருக்கும். உள்குச்சி பொறவு அடிப்பாங்க. அதுக்கு என்னையத்தான் கூப்புடுவாங்க.”

வேண்டுமென்று நினைத்துவிட்டால் மனசு எதையும் பொருத்திக்கொள்ளும். அவர் சொன்னது லயம் முழுக்கப் பரவி, மாலை ஆவதற்குள் புதுக்காடு உறுதியாகிவிட்டது.

எங்கள் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கவ்வாத்துச்சாமி கும்பிடுவோம். ஒரு கல்லை நட்டு, கத்திகளை அதன் முன் வைத்து, சேவல் அறுத்து, அப்புறம்தான் செடியில் கை வைப்போம். புதுக்காட்டுக்கும் அப்படித்தான். ஆற்றோரம், என் பாத்திக்குப் பக்கத்தில் நின்ற முதல் குச்சியைச் சாமியாக வைத்துக்கொண்டோம். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தோம். என் வீட்டுக்காரர் தன்னுடைய அளவுக் கயிற்றையும் மண்வெட்டியையும் அதன் காலடியில் வைத்தார். சேவல் என்னுடையது. செக்கச்செவேலென்று, லயத்தையே அதட்டிக்கொண்டு திரிந்த சேவல். கொழுந்தனுக்குப் பேர் பதியவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுத்தேன். ரத்தம் குச்சியில் வழிந்தது. கும்பிட்டுவிட்டு வந்து கறி ஆக்கிச் சாப்பிட்டோம்.

அதோடு நின்றோமா? புதுக்காடு வந்தால் பாத்திகள் போகும் என்று, இன்னும் முற்றாமல் கோலிக்குண்டளவில் இருந்த உருளைக்கிழங்கை நானே பிடுங்கினேன். பக்கத்துக் காம்பராக்காரர்களும் லீக்ஸைப் பிடுங்கினார்கள். கொட்டில்களைப் பிரித்து மேலே ஏற்றினோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. நாங்களாகவே சந்தோஷமாக இடத்தைக் காலி செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

பிறகு, அந்தக் குச்சிகளை அடித்த நில அளவையாளர் தன் ஆட்களோடு திரும்பி வந்தார். ஆட்கள் எல்லாரும் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர்கள். முதல் குச்சியிலேயே நின்றுவிட்டார்கள். குங்குமம், நறுக்கிய எலுமிச்சை, காய்ந்த ரத்தம், பிய்ந்த இறகுகள். ‘ஹூனியம்’ என்று ஒருவர் சொன்னது எங்கள் லயம்வரை கேட்டது. சூனியம் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். சங்கிலியையும் கோலையும் கீழே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முச்சந்தியில் நறுக்கிய எலுமிச்சையைக் கண்டால் நாங்களும் சுற்றித்தான் போவோம்.

என்னையும் என் வீட்டுக்காரரையும் தோட்டத்து ஆபீசுக்கு அழைத்தார்கள். துரை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் அளவையாளர், சின்ன வயசுக்காரர், வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் நின்றார்.

“என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்?” என்றார் கிளாக்கர். “அரசாங்க அலுவலைத் தடுத்தால் பத்துச்சீட்டுத்தான் எண்டு துரை சொல்லுறார். ஆருக்குச் சூனியம் வைச்சனீங்கள்?”

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தைவிட்டுப் போ என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் நல்ல மனுசர், ஆனால் துரைக்கு முன்னால் அவருக்குத் தமிழும் வராது.

“ஐயா, கெடுதல் பண்றவங்க மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களாங்க?” என்றேன் நான். “புதுக்காடு நல்லா வரணும்னு சாமி கும்பிட்டோம். எங்க வீட்டுச் சேவல அறுத்தோம்.”

“என்ன புதுக்காடு?”

“குச்சி அடிச்சிருக்கே ஐயா.”

கிளாக்கருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு எங்கள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: “பிள்ளை, உதில தேயிலை வராது. அரசாங்கம் அந்தக் காணியை எடுக்குது. தச்சுவேலை, மேசன்வேலை, மிசின்வேலை படிப்பிக்கிற கல்லூரி ஒண்டு கட்டப்போகினம்.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். நிலத்துக்கு நட்டஈடு கம்பெனிக்கு. பிடுங்கின உருளைக்கிழங்குக்கு யாரும் பொறுப்பில்லை. என் சேவலுக்குக் கேட்கவே வேண்டாம். கொழுந்தன் வெளியே படிக்கட்டடியில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு என்ன சொல்வது என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது. துரை முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அளவையாளர் ஏதோ சொன்னார். கிளாக்கர் எங்கள் பக்கம் திரும்பினார். “தனக்கு உதுகளில நம்பிக்கை இல்லையாம். ஆனால் ஆக்கள் தொடமாட்டினமாம். வைச்ச நீங்களே வந்து எடுத்துவிடச் சொல்லுறார்.”

என் வீட்டுக்காரர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“எடுத்து விடுறோமுங்க. ஆனா சும்மா எடுக்க ஏலாது.”

“காசோ?”

“காசு வேணாமுங்க. வெளியில நிக்கிறான் பாருங்க, எங்க கொழுந்தன். அவனுக்குப் பேர் இல்ல. கட்டுற எடத்துல அவனுக்கு ஒரு வேல குடுத்தா, நாளைக்கே வந்து எடுக்கிறேன்.”

என் வீட்டுக்காரர் காலால் என் காலை மிதித்தார். நான் அசையவில்லை. கிளாக்கர் அதை இங்கிலீசில் சொன்னார். துரை வாய்க்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அளவையாளர் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார்.

எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எடுப்பதற்கு எங்களிடம் ஒரு சடங்கும் கிடையாது. நல்லதுக்கு வைத்த சாமியை யார் எடுப்பார்கள்? நானாக ஒன்றைச் செய்தேன். எலுமிச்சம்பழம் ஒன்றை நாலாக நறுக்கி நாலு பக்கமும் எறிந்து, தண்ணீர் தெளித்து, முணுமுணுத்தேன். மந்திரம் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் சொன்னது, “சாமி கோவிச்சுக்காத, பள்ளிக்கூடமோ காடோ, எங்க பையனுக்கு ஒரு வழியக் காட்டு” என்பதுதான். ஆட்களில் மூத்தவர் கொத்துவேலை தெரிந்த ஒரு மேசன் பாஸ், பிறகு கட்டட வேலைக்கும் அவர்தான் தலைமை. அவர்கள் தொழில் தெரிந்த மூத்தவரைப் பாஸ் என்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு, அந்தக் குச்சி மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கட்டடம் எழும்ப எழும்ப எங்கள் பாடு மாறியது. மேய்ச்சலுக்கு இருந்த சரிவு முள்கம்பிக்குள் போனது. நாலைந்து வீட்டார் மாட்டை விற்றார்கள். தலவாக்கலைத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பால் நின்றது. ஆற்றுக்குப் போகிற குறுக்குப்பாதை அடைபட்டதால் துணி துவைக்கப் போகிற பெண்கள் மலையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மறுபக்கம், ரோட்டில் பஸ் நிற்க ஆரம்பித்தது. ஒரு கடை வந்தது. பேர் இல்லாத வீட்டுப் பெண்கள் கட்டட ஆட்களுக்குத் தோசையும் சம்பலும் விற்றார்கள். கல்லூரி திறந்ததும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். எங்கள் லயத்து இளவட்டங்கள் கம்பிக்கு வெளியே நின்று மிசின் சுற்றுவதைப் பார்த்தார்கள். நல்லது வந்ததா கெட்டது வந்ததா என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் பதில் சொல்ல மாட்டேன். மாட்டை விற்றவளிடம் கேட்டால் ஒன்று சொல்வாள், தோசை விற்றவளிடம் கேட்டால் வேறொன்று சொல்வாள்.

கொழுந்தன் முதலில் கல் சுமந்தான். பாஸுக்கு அவனைப் பிடித்துப்போனது. கரண்டி பிடிக்கவும் தூக்குக்குண்டு கட்டிச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். அவனுக்குச் சிங்களமும் வந்தது, சாந்து பூசும் கைவாகும் வந்தது. முதல் சம்பளம் வாங்கி வந்த அன்று நான் இரண்டாவது அகப்பைச் சோறு போட்டேன். அவன் கையை மறிக்கவில்லை. மூன்றாவதும் வாங்கினான். நான் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், கண் கலங்கியதை அவன் பார்க்கக்கூடாது என்று.

முதல் கட்டடத்தோடு விஷயம் முடியவில்லை. கல்லூரிக்குள் புதிதாக எங்கே அத்திவாரம் வெட்டினாலும், ஆட்கள் ‘அக்கா வரணும்’ என்று நின்றுவிடுவார்கள். மாணவர் விடுதி கட்டும்போது கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கூப்பிட்டார்கள். நானும் எலுமிச்சம்பழத்தோடு போவேன். போகும்போதெல்லாம் லயத்தில் பேர் இல்லாத பையன் ஒருவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போய், இவனுக்கு வேலை என்பேன். கொடுத்தார்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கங்காணியை வைத்து, லயத்தில் எனக்குக் ‘குச்சிக் கங்காணி’ என்று பட்டம் வைத்தார்கள்.

“ஆள் சேக்கிறியே, தலைக்காசு எவ்வளவு புள்ள?” என்று என் வீட்டுக்காரரே கேலி செய்வார்.

“போங்க, பேசத் தெரிஞ்ச வாய்க்கு சாமி குடுத்த வேல” என்பேன்.

இதற்கிடையில் ஆற்றோரத்துத் துண்டு மட்டும் சும்மாவே கிடந்தது. குச்சிகளுக்கு உள்ளேதான் இருந்தது, ஆனால் அதில் ஒன்றும் கட்டவில்லை. யாரும் தடுக்காததால் நான் மறுபடி பாத்தி போட்டேன். போஞ்சிக்காய்க்குப் பந்தல் போட்டேன், உருளைக்கிழங்கு போட்டேன். சாமிக் குச்சி பக்கத்திலேயே நின்றது. பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் யாரோ அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவார்கள். என் சேவலைத் தின்ற சாமி ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாஸ் போட்டுக்கொண்டிருந்தது.

கொழுந்தனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. சுவர் கட்டுவான், தளம் போடுவான், ஆனால் கட்டட வரைபடத்தைப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் புரியாது.

“படம் வாசிக்கத் தெரிஞ்சா நானே ஒரு வேலய எடுத்துச் செய்வேன் அண்ணி” என்பான். “உள்ளதான் சொல்லிக் குடுக்கிறாங்க. நாங்கட்டின சுவருக்குள்ள.”

அந்த நேரத்தில்தான் மாணவர்கள் மிசின் பழகுவதற்குப் புது வேலைத்தலம் ஒன்று கட்டப்போவதாகச் செய்தி வந்தது. இடம், ஆற்றோரத்துத் துண்டு. பழைய பாஸ் வயசாகி ஊருக்குப் போய்விட்டார். அத்திவாரத்திலிருந்து சுவர்வரைக்கும் கொழுந்தன்தான் தலைமை மேசன். ஆட்கள் அவனையே பாஸ் என்று கூப்பிட்டார்கள். வழக்கம்போல எனக்கு ஆள் வந்தது.

இந்த முறை நான் கல்லூரித் தலைவரான அதிபரிடமே நேராகப் போனேன். மெதுவாகப் பேசுகிற மனிதர். என்னை உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

“இந்தத் தடவ வேல வேணாமுங்க. எங்க கொழுந்தனுக்கு உள்ள ஒரு எடம் குடுங்க. அந்தி நேரத்து வகுப்பு போதும். படம் வாசிக்கப் படிச்சிக்கிடுவான்.”

அவர் மேசையைப் பார்த்தபடி கேட்டார். “பிரஜாவுரிமை கிடைச்சுதோ அவருக்கு?”

“மனு போட்டிருக்குங்க. விசாரணையில கெடக்கு.”

“வேலை எவ்வளவும் தரலாம் அம்மா. உந்தச் சுவரெல்லாம் அவர் கட்டினதெண்டு எனக்குத் தெரியாதோ? ஆனால் பிரஜாவுரிமை இல்லாத ஆளுக்கு இடம் தாறது என்ர கையில இல்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அது வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுக்கத் தயாராக இருந்தார், அவருக்கு மேலே இருந்தவர்கள் கொடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தேன். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் வராததால் ஆட்கள் மண்ணில் கை வைக்கவில்லை. வேலை நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு வீராப்பு. நில்லுங்கள், என் பாத்தியில் என் சாமியைத் தாண்டி எவன் வெட்டுகிறான் என்று பார்க்கிறேன் என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே கொழுந்து எடுத்தேன். கொழுந்தன் காலையில் கரண்டியோடு போவான், சும்மா இருந்துவிட்டுக் கூலியில்லாமல் வருவான்.

அப்படிச் சில நாட்கள் போயின. ஒரு நாள் அவனுக்குச் சோறு போட்டேன். முதல் அகப்பை விழுந்ததும் தட்டின் மேல் கையை விரித்தான்.

“போதும் அண்ணி.”

சாந்து காய்ந்து வெடித்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வீராப்பெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது.

மறுநாள் காலை எலுமிச்சம்பழத்தோடு இறங்கிப் போனேன். ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். நாலாக நறுக்கி நாலு பக்கமும் எறிந்தேன், தண்ணீர் தெளித்தேன். முணுமுணுக்க ஒன்றும் வரவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். பிறகு என் கையாலேயே சாமிக் குச்சியைப் பிடுங்கினேன். அடிப்பக்கம் உளுத்துப் போயிருந்தது, இழுத்ததும் வந்துவிட்டது.

முதல் வெட்டு தலைமை மேசன்தான் வெட்ட வேண்டும். கொழுந்தன் மண்வெட்டியோடு என் போஞ்சிப் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றான். நின்றவன் வெட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“காயெல்லாம் பிஞ்சா இருக்கு அண்ணி. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லவா?”

“ஒரு வாரம் பொறுத்தா நீ என்னத்தத் திம்ப?” என்றேன். “வெட்டு.”

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து, பிஞ்சுகளை ஒன்றுவிடாமல் பறித்து அதில் கட்டி என் கையில் கொடுத்தான். அப்புறம்தான் வெட்டினான். அன்றைக்கு அந்தப் பிஞ்சைத்தான் சுண்டிக் கறி வைத்தேன். அவன் இரண்டாவது அகப்பைக்கும் தட்டை நீட்டினான்.